விழாச் செலவு மதிப்பீட்டில் கவிஞருக்கும் இடம் வையுங்கள்

வன்னியின் கலாசாரப் பேரவைகள், கோயில் பரிபாலன சபைகள், விழாக் குழுக்கள் அனைத்துக்கும்,

வணக்கம்.

அண்மையில் நடந்த ஒரு பண்பாட்டு விழாவில், மாலை நான்கு மணிக்கென்று அழைப்பிதழில் போட்டிருந்த கவியரங்கம் இரவு எட்டரைக்குத்தான் தொடங்கியது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று மேடையில் வைத்தே அறிவித்தீர்கள். முடிந்ததும் பொன்னாடை, சான்றிதழ், படம். மல்லாவிப் பக்கம் போகவேண்டியவர்களுக்கு மாங்குளத்தில் மாறுவதற்கு பஸ் இல்லை. அன்றிரவே ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கணக்குத் தீர்த்தீர்கள். கவிஞர்களுக்குக் கிடைத்த பதில்: "அதுக்கு ஒதுக்கீடு இல்லை."

மதிப்பீட்டில் எழுதாத செலவுக்கு ஒதுக்கீடு எப்படி வரும்? அனுமதி கிடைத்தபின் புதிதாக ஒன்றைச் சேர்க்க உத்தியோகத்தரால் முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறோம்: மதிப்பீடு தயாரிக்கும் அன்றே கவிஞர் கொடுப்பனவையும் போக்குவரத்துச் செலவையும் அதில் எழுதுங்கள்.

கவியரங்கக் கவிதை வீட்டில் எழுதிவைத்திருக்கும் கவிதை அல்ல. நீங்கள் தரும் தலைப்புக்கு, நீங்கள் தரும் நிமிடத்துக்கு எழுதுவது. தலைமைக் கவிஞரின் வேலை அதைவிடக் கூடுதல். ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் தலைப்பும் வரக் கவிதையிலேயே அழைக்கவேண்டும். முதல்நாள் இரவு ஒருவரை மாற்றிவிட்டு வாட்ஸ்அப்பில் பெயரை மட்டும் அனுப்பினால், அந்த அழைப்போடு முன்னும் பின்னும் உள்ள இணைப்பும் கலைகிறது.

மேடைக்கு வெளியே கவிஞருக்கு வருமானம் தரக்கூடியவை கல்வெட்டும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் பாமலர்) வாழ்த்துப்பாவும் ஊஞ்சற்பாவும் (சுவாமியை ஊஞ்சலில் வைத்துப் பாடும் பாட்டு)தான். அவற்றையும் "நாலு வரிதானே" என்று கேட்கிறார்கள். கல்வெட்டில் இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து சீருக்குள் ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி, இறந்தவரின் பெயர் எல்லாம் தளை தட்டாமல், அதாவது சீருக்குச் சீர் இணைப்பு விதி பிழைக்காமல், அமையவேண்டும். சிலவேளை வாக்கிய பஞ்சாங்கம் ஒரு திதி சொல்லும், வேறு முறையில் கணித்த திருக்கணித பஞ்சாங்கம் வேறு சொல்லும். சட்டி (ஆறாம் திதி) என்று எழுதிக் கொடுத்தபின் சத்தமி (ஏழாம் திதி) என்று மாற்றச் சொன்னால், சொல்லை மட்டும் மாற்றிவிட முடியாது. வெண்பா இலக்கணப்படி சட்டி தேமாச் சீர் (நேர் நேர்), அடுத்த சீர் நிரை அசையில் தொடங்கவேண்டும். சத்தமி கூவிளச் சீர் (நேர் நிரை), அடுத்தது நேர் அசையில் தொடங்கவேண்டும். அந்த அடுத்த சீரை மாற்றினால் அதற்கடுத்த தளை தட்டும், சிலவேளை எதுகையும் போகும். இவ்வளவும் கல்வெட்டு வெளியிடும் 31ஆம் நாள் நினைவுக்கு முன், அச்சகம் கேட்கும் தேதிக்குள் முடியவேண்டும். அச்சகத்துக்கு முற்பணம் உண்டு. வெண்பாவுக்கு நன்றி மட்டும்.

கோயில் ஊஞ்சற்பாவும் இப்படித்தான். விருத்தத்தில் பத்துப் பாட்டு எழுதி வாங்குகிறீர்கள், ஆண்டுதோறும் பாடுகிறீர்கள், மறுபதிப்பில் பெயரையே விட்டுவிடுகிறீர்கள். பாடசாலைக் கீதங்களுக்கும் இதே கதி. போரில் கையெழுத்துப் பிரதிகளை இழந்த இந்த மண்ணில், அச்சிலிருந்து பெயரும் போனால் எழுதியவருக்கு என்ன ஆதாரம் மிஞ்சும்? நூல் போட்டால் வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குவோர் பணம் வைத்துத் தரும் கடித உறையை நம்பியே அச்சுக்கூலி கட்டவேண்டியிருக்கிறது. விழா முடிந்தால் மிச்சக் கட்டு வீட்டு மூலையில். உங்கள் நூலகங்கள் பத்துப் பிரதி வாங்கக்கூடாதா?

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது பெரிய காரியம் அல்ல. இரண்டு கிழமைக்கு முன் கடிதத்தில் தலைப்பு, நேரம், பங்கேற்பவர் பெயர்கள், தரப்போகும் தொகை நான்கையும் எழுதுங்கள். தலைமைக்குத் தொகை சற்றுக் கூட இருக்கட்டும். வவுச்சரில் அன்றே கையொப்பம் வாங்கி, ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கும் வேளையிலேயே கவிஞருக்கும் கொடுங்கள். தூரத்திலிருந்து வருபவரை முதலில் பாடவிடுங்கள், அல்லது திரும்பிப்போக வாகனம் ஒழுங்கு செய்யுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் முன்கூட்டியே சொன்னால், வருவதா இல்லையா என்று அவரே முடிவெடுப்பார்.

அடுத்த விழாவுக்கான மதிப்பீட்டை எழுத உட்காரும்போது, பந்தல், ஒலி, சிற்றுண்டியோடு கவிஞர் கொடுப்பனவையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

இவ்வண்ணம்,
வன்னியில் கவிதை எழுதுவோர் சார்பில்