நோட்டில் எழுதும் சொல்லுக்கு அர்த்தமும் சொல்லி அனுப்புங்கள்

நெல்லைச் சீமையில் மனநலம் பார்க்கும் டாக்டர்களுக்கும், நர்ஸ் அக்காமாருக்கும், மருந்துக்கடை அண்ணாச்சிகளுக்கும்,

வணக்கம். சேரன்மகாதேவியில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு மனச்சிதைவு, இங்கிலீஷில் ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனநோய். ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறான், நன்றாக இருக்கிறான். அவனை மீட்டுத் தந்தது டாக்டர்கள்தான். அந்த நன்றி மனசில் இருப்பதால்தான் இந்தக் குறையையும் உங்களிடமே சொல்லத் தோன்றுகிறது.

ஆரம்பத்தில் ஒரு தடவை, டாக்டர் எழுதித் தரும் அவன் ஆஸ்பத்திரி நோட்டில் 'நெகட்டிவ் சிம்ப்டம்ஸ்' என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துச் சொன்னான். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்றுதானே எல்லோருக்கும் தெரியும்? அன்று சாயங்காலமே கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். அப்புறம்தான் கொடுமை. நோய்தான் இல்லையே, இவன் ஏன் குளிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறான்? நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனை ஏசினோம். சோம்பேறி என்றோம். நானும்தான் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து, பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர் பிள்ளை விளக்கினாள். இருக்கக் கூடாதது வந்து சேர்ந்தால் பாசிட்டிவ்: ஆள் இல்லாமலே குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அசையாமல் நம்புவது. இருக்க வேண்டியது குறைந்துபோனால் நெகட்டிவ்: பேச்சு, ஆசை, எழுந்து ஒரு வேலை செய்யும் உந்துதல். அவன் படுத்துக் கிடந்ததே நோய்தான். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடம் மூன்று மாதம் முன்னால் கிடைத்திருந்தால் என் தம்பி அத்தனை ஏச்சு வாங்கியிருக்க மாட்டான்.

'சைக்கோசிஸ்' என்ற சொல்லும் அப்படித்தான். எது நிஜம், எது மனசு காட்டுவது என்று பிரித்தறிய முடியாத நிலை அது. எங்கள் தெருவில் அது 'சைக்கோ' ஆகிவிட்டது, கத்தி எடுப்பவன் என்று அர்த்தம். மனச்சிதைவு என்றால் ஒருவனுக்குள் இரண்டு ஆள் இருப்பது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள், அது வேறு. ஜப்பானில் பழைய பெயர் 'பிளவுபட்ட மனம்' என்ற பொருளில் இருந்ததால், 2002-இல் நோயின் பெயரையே மாற்றினார்கள். ஒரு சொல் குடும்பத்தை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

'அக்யூட்' என்றால் முற்றிய நோய் என்று பயப்படுகிறோம். திடீரென வந்தது என்றுதான் பொருளாம். 'க்ரானிக்' என்றால் கைவிட்டாச்சு என்று அழுகிறோம். நாள்பட்டது, அவ்வளவுதான். சர்க்கரை நோயும் நாள்பட்டதுதானே.

மருந்துச் சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் 'ஓடி' (OD) என்றால் தினம் ஒரு வேளை, 'பிடி' (BD) இரண்டு வேளை, 'ஹெச்எஸ்' (HS) படுக்கப் போகும்போது, 'எஸ்ஓஎஸ்' (SOS) தேவைப்பட்டால் மட்டும். இதெல்லாம் இங்கிலீஷ்கூட இல்லை, லத்தீனில் இருந்து வந்த சுருக்கமாம். எஸ்ஓஎஸ் போட்டிருந்த மாத்திரையையும் மற்றதோடு ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் தினமும் கொடுத்தோம். தம்பி இரண்டு வாரம் கிறங்கிப்போய்க் கிடந்தான்.

எங்களுக்கும் சொற்கள் இருக்கின்றன, டாக்டர். பைத்தியம் என்பதை ஊரில் கோட்டி என்பார்கள். அந்தச் சொல் வேண்டாம், அது கல்லெறி மாதிரி. ஆனால் 'வெப்ராளமா வருது' என்று ஒரு ஆச்சி வந்து சொன்னால், தயவுசெய்து அங்கிருந்தே ஆரம்பியுங்கள். அதற்குள் பதற்றமும் இருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சாகத் தோன்றுகிறதா என்று அவள் பேச்சிலேயே கேட்டால்தான் வெளியே வரும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நோய் என்ன, சிகிச்சை என்ன, பக்க விளைவு என்ன என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை தருகிறது. கூட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் நானும்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நோயின் பெயரைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். மாத்திரைக் கவரில் 'காலை', 'ராத்திரி', 'தேவைப்பட்டால் மட்டும்' என்று எழுதுங்கள். கிளம்பும் முன்னால், 'என்ன புரிஞ்சுதும்மா, சொல்லுங்க பார்ப்போம்' என்று ஒரு தடவை கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

அடுத்த மாதம் தம்பியோடு நானும் வருவேன். நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை அதற்காகவே எழுதாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா
சேரன்மகாதேவி