வீட்ல இருக்கறவங்களால என்ன முடியும்னு கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, போரும் குண்டும் பெரிய தலைவருங்க சமாச்சாரம், நம்மள மாதிரி ஆளுங்க மெழுகுவர்த்தி ஏத்துறதும் கையெழுத்து போடுறதும் வெறும் போட்டோவுக்குத்தான்னு. பாதி நெசம்தான், மெழுகுவர்த்திய ஏத்தி செல்ஃபி எடுத்துட்டு பிரியாணி சாப்ட போனவங்கள நானே பாத்திருக்கேன். ஆனா மீதி பாதிக்கு பதில் சொல்லாம இருக்க முடியல.

ஞாயித்துக்கெழம எம் பேத்திக்கு முன்பல்லு விழுந்துச்சு. எங்க காலத்துல சாணி உருண்டையில பொதிஞ்சு ஓட்டு மேல விட்டெறிவோம், இப்ப ஃப்ளாட்ல சாணிக்கு எங்க போக, ஓடும் கெடயாது, அவ தீப்பெட்டில பஞ்சு வச்சு பத்திரப்படுத்திட்டா. அத பாத்ததும் எனக்கு அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ங்கற ஊர் ஞாபகம் வந்துச்சு.

1950கள்ல நெவாடா பாலைவனத்துல அணுகுண்ட வெடிச்சு வெடிச்சு சோதிச்சுட்டு இருந்தாங்க. பயப்பட ஒண்ணுமில்லனுதான் கவர்மென்ட் சொல்லிச்சு. ஆனா அந்த தூசி காத்துல போயி மழையோட புல்லுல எறங்குது, மாடு மேயுது, பால்ல வருது, அந்த பாலத்தான புள்ளைக்கு காச்சி குடுக்குறோம். அதுல ஸ்ட்ரான்சியம் 90னு கதிர்வீச்சு உள்ள வெஷம் ஒண்ணு, சுண்ணாம்புச் சத்து மாதிரியே வேஷம் போட்டு எலும்புலயும் பல்லுலயும் போய் ஒக்காந்துக்கும். உசுரோட இருக்கற புள்ளையோட எலும்ப வெட்டி பாக்க முடியுமா? ஆனா பால்பல்லு தானா விழுதே.

1958 கடைசில அந்த ஊர் ஜனங்களும் பாரி காமனர் மாதிரி விஞ்ஞானிகளும் சேந்து ஒரு கமிட்டி வச்சு, புள்ளைங்க பல்ல எங்களுக்கு அனுப்புங்கன்னு கேட்டாங்க. பொறுப்பா இருந்து நடத்துனது லூயிஸ் ரீஸ்னு ஒரு லேடி டாக்டர். பல்லோட ஒரு ஃபாரமும் வரணும், புள்ள எப்ப பொறந்துச்சு, மாசமா இருந்தப்ப அம்மா எந்த ஊர்ல இருந்தாங்க, தாய்ப்பாலா புட்டிப்பாலா, எல்லாம் எழுதணும். அங்க விழுந்த பல்ல தலகாணிக்கு அடில வச்சா காசு கெடைக்கும்னு புள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்க உண்டு, இங்க காசு இல்ல, ‘என் பல்ல அறிவியலுக்குக் குடுத்துட்டேன்’னு எழுதுன ஒரு பட்டன், சட்டையில குத்திக்கலாம். அதுக்கே புள்ளைங்க போட்டி போட்டுச்சுங்க. 1970 வரைக்கும் 3,20,000 பல்லு சேந்துச்சுன்னு கணக்கு. யோசிச்சு பாருங்க, அத்தன கவரையும் யாரோ ஒருத்தர் பிரிச்சு, ஃபாரத்த படிச்சு, வகை பிரிச்சு அடுக்கியிருக்கணும்ல, இதுல எந்த போட்டோவும் இல்ல சார், சம்பளமும் இல்லாம செஞ்சவங்கதான் நெறைய பேரு.

1961ல மொத ரிசல்ட் வந்துச்சு, பல்லுல அந்த ஸ்ட்ரான்சியம் வருஷத்துக்கு வருஷம் ஏறிட்டே போகுது, புட்டிப்பால் குடிச்ச புள்ளைங்களுக்கு இன்னும் அதிகம். அதே வருஷம் நவம்பர் 1ந் தேதி, 60 ஊர்ல சுமார் 50,000 பொம்பளைங்க வீட்டு வேலைய அப்படியே போட்டுட்டு சோதனைய நிறுத்துன்னு தெருவுக்கு வந்தாங்க. ஆரம்பிச்சு வச்ச டாக்மர் வில்சன் கொழந்த புத்தகத்துக்கு படம் போடுறவங்க. 1962 டிசம்பர்ல கம்யூனிஸ்டா நீங்கன்னு கேட்டு பார்லிமென்ட் கமிட்டி ஒண்ணு விசாரணைக்கு கூப்ட்டப்ப, கைக்கொழந்தய இடுப்புல தூக்கிட்டு, சாட்சி சொல்ல போறவங்களுக்கு பூங்கொத்து குடுத்துட்டு வந்து ஒக்காந்தாங்களாம். விசாரிச்சவங்க பொழப்புதான் சிரிப்பா சிரிச்சுப் போச்சு.

1963 ஆகஸ்ட் 5 மாஸ்கோவுல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, காத்துலயும் தண்ணிலயும் விண்வெளிலயும் இனிமே வெடிக்கக் கூடாதுன்னு. பல்லாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு சொன்னா பொய், அதுக்கு முந்தின வருஷம் கியூபாவுல ரஷ்யா அணு ஏவுகணை வச்ச விவகாரத்துல அமெரிக்கா, ரஷ்யா ரெண்டு வல்லரசும் பயந்து போயிருந்தது பெரிய காரணம், பூமிக்கடில சோதனையும் பின்னாடி நடந்துட்டுதான் இருந்துச்சு. ஆனா பாலுல வெஷம் கலக்குதுன்னு அம்மாமாருங்க கேட்ட கேள்விய எந்த தலைவராலயும் ஒதுக்க முடியல. நம்ம ராஜாஜியும் 83 வயசுல, 1962ல, இதே சோதனைய நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய் கென்னடிய பாத்துட்டு வந்தாரே, அத எத்தன பேருக்கு இப்ப தெரியும்.

இன்னொண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். 2001ல அங்க ஒரு யுனிவர்சிட்டில மீதி பல்லுங்க கெடைச்சுச்சு, சுமார் 85,000 இருக்கும், சின்ன சின்ன கவர்ல விவர அட்டையோட. எங்க இருந்துச்சு தெரியுமா, ரெண்டாம் உலகப்போர்ல வெடிமருந்து வைக்க கட்டுன ஒரு பழைய பங்கருக்குள்ள.

இந்த கதைய பேத்திகிட்ட சொன்னேன். இப்ப தீப்பெட்டி மேல அவ பேரு, பொறந்த தேதி, எந்த ஊர் ஆஸ்பத்திரி எல்லாம் எழுதி ஒட்டி வச்சிருக்கா. தாய்ப்பாலா புட்டிப்பாலான்னு அவ அம்மாவுக்கு போன் போட்டு கேட்டுட்டு இருக்கா.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி, பல்லு போன ஒரு பாட்டி,
உறையூர், திருச்சி.