கிறிஸ்துமஸ் கார்டை ஏன் தடுக்கணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க ஊர் நாகப்பட்டினம். என் பொண்ணு நாலாவது படிக்கிறா. அரையாண்டு பரீட்சைக்கு நடுவுலயே ராத்திரி உக்காந்து சார்ட் பேப்பர மடிச்சு, ஸ்டார் வெட்டி, தாத்தா தாடிக்கு பஞ்சு ஒட்டி, கிளாஸ்ல இருக்க 31 பேருக்கும் கார்டு செஞ்சா, விரல் பூரா கோந்தும் ஜிகினாவும். கடைசி நாள் கொண்டுபோனா டீச்சர் "உங்காளுங்களுக்கு மட்டும் குடும்மா, மத்த வீட்ல ஏதாச்சும் சொல்லப்போறாங்க"ன்னுட்டாங்க. பாதி கார்டு பைக்குள்ளயே திரும்பி வந்துடுச்சு, புள்ள சாயங்காலம் சாப்பிடவே இல்ல.

மதம் மாத்தறோம்னு யாராச்சும் சொல்லிடுவாங்களோங்கற டீச்சர் பயம் எனக்கு புரியுது, ஆனா எந்த வீட்லயும் கேக்காமலே முடிவு பண்ணிட்டாங்களே, அதான் வருத்தம். 1843ல லண்டன்ல ஹென்றி கோல்ங்கற அரசு அதிகாரி முதமுதலா கிறிஸ்துமஸ் கார்டு அச்சடிச்சப்ப அதுல இருந்தது ஒரு குடும்பம் ஒண்ணா கூடி கோப்பைய உயர்த்தி வாழ்த்து சொல்ற படம், ரெண்டு பக்கமும் ஏழைக்கு சாப்பாடும் துணியும் குடுக்கற படம். வாழ்த்து சொல்றதுதான் அதோட வேலையே, இதுல மதம் மாத்தற பேச்சு எங்க வந்துச்சு?

இங்க வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லா மதத்துக்காரங்களும்தான் போறோம். பக்கத்து வீட்டு அக்கா ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி தூக்குல குடுத்தனுப்புவாங்க, தீபாவளிக்கு எதிர்வீட்டு முறுக்கு வந்துடும். மீதி கார்ட நானே அவள கூட்டிட்டு வீடு வீடா போயி குடுத்தேன், ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல. ஒரு பாட்டி அத சாமி படத்துக்கு பக்கத்துலயே சொருகி வச்சாங்க.

அடுத்த டிசம்பர்லயாவது பெத்தவங்கள ஒரு வார்த்த கேளுங்க டீச்சர்.

இப்படிக்கு,
ஒரு தாய், நாகப்பட்டினம்