முறுக்கு வில்லையும் இடைப்புள்ளியும்

லண்டன், ஜனவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மா முழங்காலுக்கு ஒழுங்காகத் தைலம் தேய்க்கிறார்களா? இந்த மாதம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. துணி அச்சுக்கு மை கலக்க மதியம் மூன்று மணிவரைதான் வெளிச்சத்தை நம்பலாம். டியூப் லைட்டில் கலந்த அரக்குச் சிவப்பு காலையில் செங்கல் நிறமாக நிற்கும்.

முறுக்கு உரல் வில்லையின் உருவத்தை லினோத் தகட்டில் அச்சாகச் செதுக்கித் துணியில் போட்டால், துணி முழுக்க வெள்ளை வரி விழுகிறது என்று எழுதியிருந்தாய். செதுக்கியதில் தப்பில்லை. நீ போட்டது நேர்ப்புள்ளி. கட்டத்துக்குக் கட்டம் இடைவெளிகள் ஒரே கோட்டில் சேர்வதால் கண் பூவை விட்டுவிட்டு அந்த வெள்ளை வரியைத்தான் பார்க்கும். இடைப்புள்ளியாக வை. 20 செ.மீ. அச்சென்றால் அடுத்த பத்தியை 10 செ.மீ. இறக்கித் தொடங்கு. இங்கே அதற்கு ‘ஹாஃப் டிராப்’ என்று பெயர். மார்கழியில் வாசலில் நீ போடுவதுதான்.

கொடி மாதிரி ஓரம் தாண்டி ஓடும் உருவமென்றால் வேறு வழி. சதுரத் தாளின் நடுவில், ஓரத்தைத் தொடாமல் வரை. நெடுக்காக நடுவில் வெட்டி இடப்பாதியை வலப்பக்கம் மாற்றிப் பின்புறம் டேப் ஒட்டு. பிறகு குறுக்காக வெட்டி மேல்பாதியைக் கீழே மாற்று. வெற்றிடம் இப்போது நடுவுக்கு வந்திருக்கும், அதை நிரப்பு. இந்தத் தாளை நேராக அடுக்கினால்தான் கோடுகள் சேரும், இறக்கி வைத்தால் அறுந்துபோகும். துணியைத் தொடுமுன் தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அச்சு போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்.

லினோ குளிரில் விறைத்துப் பொடிப்பொடியாக உதிரும். இங்கே ஹீட்டர் மேல் சிறிது நேரம் வைத்துத்தான் செதுக்க முடியும். மதுரையில் அந்தக் கவலை இல்லை, ஆனால் மை பலகையிலேயே காய்ந்துவிடும். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள். ஒரு தேக்கரண்டி மைக்கு மேல் பரப்பாதே. அச்சு கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித்தான் விழும் என்பதை மறக்காதே.

விளக்குத்தூண் பக்கம் வாங்கிய காடாவைக் கஞ்சி போக வெந்நீரில் இரண்டு முறை அலசு. கஞ்சிமேல் உட்கார்ந்த மை முதல் துவைப்பிலேயே அதோடு போய்விடும். அடியில் பழைய போர்வையை மடித்துப் போடாவிட்டால் அச்சு திட்டுத்திட்டாக விழும். ஒருநாள் காய்ந்தபின், மேலே வேறு துணி போட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரி போடு. ஓரிரு அச்சு மயிரிழை விலகினால் விட்டுவிடு. சுங்குடிப் புள்ளியை யாராவது ஸ்கேல் வைத்தா அளக்கிறார்கள்?

வீட்டுச் சாமானெல்லாம் கலையா என்று அப்பா கேட்டால், எல் அனட்சுயி என்ற சிற்பியைச் சொல். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்தவர். மது பாட்டிலின் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துத் திரைச்சீலைபோலத் தொங்கவிடுவார். 2023-இல் இங்கே டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் அவற்றை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் போனால்தான் மூடி என்று தெரியும்.

ஆச்சியின் பித்தளை உரலில் ஒரு நட்சத்திர வில்லை இருக்குமே, அதை அனுப்ப வேண்டாம். மெல்லிய தாளை மேலே போட்டு, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அனுப்பு, அளவு பிசகாது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிடு. போன தடவை தாள் முழுக்கக் கறை.

அன்புடன்,
அக்கா