வசனத்தை நீங்கள் எழுதிவிடாதீர்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழு பிரித்து, அவர்களையே நாடகம் எழுதி நடிக்க வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். கூடவே, "வசனத்தை மட்டும் நான் எழுதிக் கொடுத்துடவா அண்ணா?" என்றும் கேட்டீர்கள். வேண்டாம். கொடுத்தால் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது மாதிரிதான் ஒப்பிப்பார்கள்.

அதற்காகத் தாளையும் பேனாவையும் கொடுத்து "எழுதுங்கள்" என்று விட்டாலும் வேலைக்காகாது. குடிகார அப்பா, அழும் அம்மா, புத்தி சொல்லும் ஆசிரியர். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று "மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு" என்பார்கள். மதுவுக்குப் பதில் பிளாஸ்டிக் வரலாம். அந்த வரிசை மட்டும் மாறாது. ஆண்டு விழாக்களில் நாம் காட்டியதே அதுதானே, பிள்ளைகளைச் சொல்லி என்ன?

அதனால் முதல் இரண்டு பாடவேளை எழுதவே விடாதீர்கள். ஒரு இடத்தை மட்டும் கொடுங்கள். அங்கே ஒருவருக்கு ஒன்று உடனே வேண்டும், இன்னொருவர் தர மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான். பேசிப் பேசிப் பார்க்கட்டும். நன்றாக வந்ததைக் குழுவில் ஒருத்தி குறித்துக்கொண்டால் போதும்.

என் வகுப்பில் ஒரு குழு ரேஷன் கடையை எடுத்தது. பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. குழுவில் வாயே திறக்காத பையன் ஒருவன். அவனுக்கு என்ன வேஷம் கொடுப்பது என்று தெரியாமல், கைரேகை மெஷினாகவே உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டி விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து அவன் உள்ளங்கையில் வைக்க, அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் "மீண்டும் முயற்சிக்கவும்" என்றான். மறுபடியும் வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்." பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது: "நாப்பது வருஷம் பாத்திரம் தேச்ச விரலுடா, ரேகைக்கு நான் எங்க போவேன்?" அந்த வசனம் எந்தத் தாளிலும் இல்லை. என்னால் எழுதியிருக்கவும் முடியாது.

குழுவுக்கு ஆறு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் மரமாக நிற்பார்கள். வாயாடிகள் எல்லாம் ஒரே குழுவில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாடகம் ஐந்து நிமிடம் இருந்தால் சரி.

மேடை வேண்டாம். வங்காளத்தில் பாதல் சர்க்கார் மேடை, திரை, ஒப்பனை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் மக்கள் நடுவே நாடகம் போட்டார். நீங்களும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, மற்றவர்களைச் சுற்றி உட்கார வையுங்கள். முதுகைக் காட்டாதே என்று கத்த வேண்டியதில்லை. மைக்கும் வேண்டாம், ஒற்றை மைக்கைச் சுற்றி ஆறு பேர் நின்றால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

இலங்கையில் உயர்தர வகுப்புக்கு, அதாவது நம் பிளஸ் டூ மாதிரியான வகுப்புக்கு, 'நாடகமும் அரங்கியலும்' ஒரு பாடமாகவே இருக்கிறது. நமக்கு ஆண்டு விழாவும், இப்போது கலைத் திருவிழாவும்தான். கலைத் திருவிழா நல்லதுதான். ஆனால் போட்டி, பரிசு என்று வந்ததும் வாத்தியார் கை நாடகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. வகுப்பறையில் பரிசு எதுவும் வைக்காதீர்கள்.

அப்புறம், தலைமையாசிரியர் "கருத்து எங்க சார்?" என்று கேட்பார். ஒத்திகைக்கே கூப்பிட்டு அவரையும் உள்ளே இழுத்துவிடுங்கள். எங்கள் தலைமையாசிரியரைப் பிள்ளைகள் ரேஷன் வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தினார்கள். "பாமாயில் வந்துருச்சா?" என்று அவருக்கு ஒரே ஒரு வசனம். அதற்கப்புறம் மனிதர் கருத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அன்புடன்,
அண்ணன்