சாயம் இறங்கினாலும் ரன், நூல் தீர்ந்தாலும் ரன்

திருப்பூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

பையர், அதாவது நம்மிடம் துணி வாங்குகிற வெளியூர்க் கம்பெனிக்காரர், அனுப்பும் ஆங்கில மெயிலில் ‘ரன்’ (run) வருகிற இடமெல்லாம் குழப்புகிறது என்று கேட்டிருந்தாய். குழப்பத்தான் செய்யும். ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரித்திருப்பதாக 2011-இல் செய்தி வந்தது. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் வேலைக்குப் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும் கண்ணு.

பாதி நம்ம ‘ஓடு’தான். தறி ஓடுது, லைன் ஓடுது, கடை ஓடுது என்கிறோமே, அங்கெல்லாம் ரன் அப்படியே பொருந்தும். பொருந்தாத இடத்தில்தான் கவனம் வேணும்.

‘தி ரெட் ரன்ஸ்’ என்று வந்தால் சாயம் வெளுக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே, வெளுப்பது ஃபேட். நனைந்ததும் சிவப்பு இறங்கிப் பக்கத்து வெள்ளையில் ஏறுவதுதான் ரன். அதற்குக் கலர் சேஞ்ச் எண்ணை, அதாவது துணியின் சொந்த நிறம் எவ்வளவு மாறியது என்கிற எண்ணை, அனுப்பினால் பதில் ஆகாது. துவைத்தால் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையான ஐஎஸ்ஓ 105 சி06 வாஷ் ரிப்போர்ட்டில் ஸ்டெயினிங் (கறை ஏறுவது) வரிசையைப் பார். கூடவே துவைத்த மல்டிஃபைபர் பட்டையில் (பல வகை இழைகள் அடுத்தடுத்து நெய்த வெள்ளைத் துண்டு) பருத்தி, நைலான், பாலியஸ்டர் என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு கறை ஏறியது என்று 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். 5 என்றால் கறையே இல்லை. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட காட்டன் டீசர்ட் என்றால் பருத்திக்கு நேரே உள்ள எண்ணை முதலில் பார்.

துணியில் ‘எ ரன்’ இருக்கிறது என்றால் அது வேறு: கண்ணி விட்டு ஏணி மாதிரி பிரிந்திருக்கிறது. ‘ரன்ஸ் ஸ்மால்’ அளவுப் புகார். எம் போட்டால் எஸ் மாதிரி பிடிக்கும்.

‘ரன்னிங் ஷார்ட் ஆஃப் யார்ன்’ என்றால் நூல் இருக்கிறது, பத்தாது. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. பத்தாததற்கு ‘ரன் அவுட்’ என்று மாற்றி எழுதினால் லைன் நின்றுபோச்சு, ஷிப்மென்ட் தள்ளும் என்றே பையர் நினைப்பார். நாம் எழுவாயானால் ஆஃப் கட்டாயம்: ‘வீ ரேன் அவுட் ஆஃப் யார்ன்’. நூலே எழுவாயானால் ‘தி யார்ன் ரேன் அவுட்’, அவ்வளவுதான். ‘வாஸ் ரன் அவுட்’ கிரிக்கெட்டுக்கு.

‘ரன் அப் எ சாம்பிள்’ என்றால் வெரசாக ஒரு சாம்பிள் தைத்துக் கொடு. அதே ரன் அப் பில்லோடு சேர்ந்தால் கடன் ஏற்றிக்கொள்வது. ‘ரன் இட் பை மீ’ என்றால் முடிவு பண்ணும் முன் என்னிடம் ஒருக்கா கேள். இதில் இட் நடுவில்தான் வரும். ‘ரன் த்ரூ இட்’ என்பதில் கடைசியில். முதலிலிருந்து ஒரு ஓட்டம் பார்த்துவிடுவது.

ஹேவ், ஹேஸ் பின்னால் ரேன் வராது, ரன்தான். ‘வீ ஹேவ் ரேன் அவுட்’ என்று நம்ம ஊர் மெயிலில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், நீ எழுதாதே.

இனி வருகிற ரன் எல்லாவற்றையும் எழுவாயோடும் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லோடும் முழு வாக்கியமாகவே குறித்து அனுப்பு, பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா