ஒடுக்கோடே கொடுத்துவிடு, மாப்ளே

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதிலேயே நாலு நாள் ஓடிவிட்டது, அதனால்தான் தாமதம். இரண்டாவது கண்ணுக்கும் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்தச் சுவரு இவ்வளவு வெள்ளையாவா இருந்துச்சு?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் பழுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது பாவம். மதனிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. நடைப்பயிற்சியை விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷமாக வைத்திருக்கும் வேகன் ஆரைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கப் போகிறாய். ஷோரூமில் வந்து பார்த்தவர் 2,15,000 சொல்லியிருக்கிறார். உங்கள் தெரு முனையில் இருக்கும் டிங்கரிங்காரர் எல்லா ஒடுக்கையும் எடுத்து பெயிண்ட் அடித்துத் தர 18,000 கேட்கிறார். அடித்துவிட்டுக் கொடுத்தால் இரண்டரை லட்சத்துக்குப் போகும் என்று மருமகன் சொல்கிறார். செய்யலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய்.

செய்யாதே மாப்ளே. ஒடுக்கோடே கொடுத்துவிடு. நான் ஒரு தடவை பட்டுவிட்டேன், அதனால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

2019இல் நான் பழைய காரைக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வலது பக்க இரண்டு கதவிலும் ஒரே நீளத்துக்குக் கீறலும், கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவு ஒடுக்கும் இருந்தன. கேட்டில் உரசியது, அவ்வளவுதான். பார்க்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு பட்டறையில் 14,000 கொடுத்து இரண்டு கதவுக்கும் பெயிண்ட் அடித்தேன். நிழலில் நிறுத்திப் பார்த்தபோது புது வண்டி போலத்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் வெயிலில் நிறுத்தியபோதுதான் கதவு ஒரு சாம்பலும் பக்கத்து ஃபெண்டர் வேறொரு சாம்பலுமாகத் தெரிந்தது. மெட்டாலிக் சில்வரில் இந்தத் தொல்லை உண்டு. பெயிண்டுக்குள் இருக்கும் அலுமினியப் பொடி எப்படிப் படிகிறதோ அப்படித்தான் வெளிச்சம் திரும்பி வரும். ஸ்ப்ரே கன் பிடிக்கும் தூரமும் காற்றழுத்தமும் கொஞ்சம் மாறினாலே ஷேடு மாறிவிடும். உன் வண்டியும் சில்வர்தான்.

வாங்க வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராக அந்தக் கதவுகளிடம்தான் போனார். "இந்தப் பக்கம் பெரிய அடியா சார்?" என்றார். வெறும் கேட் கீறல்தான் என்றேன். அதைக் காட்ட ஒரு படம்கூட என்னிடம் இல்லை. இரண்டு கதவுக்கும் 'ரீபெயிண்ட்' என்று எழுதிக்கொண்டு, முதலில் போனில் பேசியதிலிருந்து 20,000 குறைத்தார். நான் போட்ட 14,000 தனி. என் காசைக் கொடுத்து என் வண்டி மேலேயே சந்தேகத்தைப் பூசி வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குப் போன மாசம்தான் முழுசாகப் புரிந்தது. என் அக்கா மகன் இங்கே பழைய கார் வாங்கி விற்கும் இடத்தில் வண்டி மதிப்புப் போடும் வேலையில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை அவன் கூடவே போயிருந்தேன். சோப்புக் கட்டி அளவில் ஒரு கருவி வைத்திருக்கிறான். தகட்டின் மேல் வைத்தால் பெயிண்ட் எத்தனை மைக்ரான் கனம் என்று சொல்லும். கம்பெனியில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் நூறை ஒட்டித்தான் இருக்குமாம். அன்றைக்கு வந்த வெள்ளை வண்டியில் முன் கதவில் வைத்தான், 112. பின் கதவில் 118. பின்னால் சக்கரத்துக்கு மேல் வைத்தான், 640! கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். கதவில் 'டங்' என்று கேட்டது. அந்த இடத்தில் மரத்தைத் தட்டுவது போல மொத்தையாக ஒரு சத்தம். "உள்ளே பட்டி, மாமா" என்றான்.

ஒடுக்கை முழுசாகத் தட்டி எடுக்காமல் பட்டி வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே பிரைமர், பெயிண்ட், லாக்கர் என்று அடித்துவிட்டால் கனம் அப்படி ஏறிவிடும். அவன் சொன்ன ஒரு பேச்சை உனக்கு அப்படியே எழுதுகிறேன்: "ஒடுக்கு இருந்தா என்ன நடந்துச்சுன்னு பார்த்தாலே தெரியும் மாமா. பெயிண்ட் அடிச்சுட்டா அடியில என்ன இருந்துச்சுன்னு நான்தான் ஊகிக்கணும். அந்த ஊகத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைப்பேன்." என் இரண்டு கதவுக்கும் நடந்தது இதுதான்.

அவன் தேடுவது ஒடுக்கையே இல்லை. பானெட்டைத் தூக்கி அதன் போல்ட்டுத் தலைகளில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறான். பெயர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதவோரத்து ரப்பர் பீடிங்கை இழுத்து, கதவு மாட்டும் தூணில் கம்பெனி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கிறான். எலும்பு உடையாத வண்டியா என்பதுதான் அவனுக்கு முக்கியம். தோலில் இருக்கும் தழும்புக்கு ஒரு சின்னத் தொகையைக் கழிப்பான், அவ்வளவுதான். அந்தத் தொகையும் உன் தெருமுனைக் கணக்கில் வராது. பழைய கார் வாங்கி விற்பவர்களுக்கென்று பட்டறை இருக்கிறது, மாசம் முழுக்க வேலை கொடுப்பதால் பேனலுக்கு நம்மிடம் கேட்பதில் பாதிக்கே முடித்துவிடுவார்கள். ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு வரும் பழைய வண்டிகள் பலவற்றுக்கு அதுகூடச் செய்வதில்லை, அப்படியே புரோக்கர் கைக்குப் போய்விடுகிறது.

அதனால் நீ ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேள். "இந்த ஒடுக்குகளுக்காக எவ்வளவு கழித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்கு. எட்டாயிரமோ பத்தாயிரமோ என்றால் 18,000 போடுவதில் அர்த்தமே இல்லை. முப்பதாயிரம் என்றால் வண்டியை வேறு இரண்டு இடத்தில் காட்டு, அப்போதும் பெயிண்ட் பக்கம் போகாதே.

பெயிண்ட் உடையாத ஒடுக்குக்கு வேறு வழி ஒன்று உண்டு. உள்பக்கமாக வளைந்த கம்பியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பியோ, வெளியே பசை ஒட்டி இழுத்தோ எடுத்துவிடுகிறார்கள். பட்டியும் இல்லை, பெயிண்டும் இல்லை, அதனால் கருவி வைத்தாலும் பழைய எண்தான் காட்டும். இங்கே சின்ன ஒடுக்கு ஒன்றுக்கு 1,500 சொன்னார்கள். வண்டியை நீ எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் தெரிந்த ஆளுக்கு நேரடியாக விற்பதாக இருந்தால் இதைச் செய்யலாம். ஓட்டப் போகிறவன் கண் முதலில் ஒடுக்கில்தான் விழும். ஷோரூமுக்கு என்றால் இதுகூட வேண்டாம்.

முன் பம்பர் கீறலைப் பற்றிக் கவலைப்படாதே. பம்பர் பிளாஸ்டிக், அந்தக் கருவி அதில் வேலையே செய்யாது. பம்பர் உரசாத வண்டி ஊரில் எது? கிளிப் கழன்று தொங்கினால் மட்டும் சரிசெய். உடைந்த டெயில் லேம்ப் இருந்தால் மாற்றிவிடு.

ஒன்று மட்டும் கவனி. உங்கள் ஊர் உப்புக்காற்று. வலது பின் சக்கரத்து வளைவில் பெயிண்ட் பெயர்ந்து தகடு தெரிகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? துரு பிடித்திருந்தால் அதை மட்டும் சுரண்டி, துரு தடுக்கும் பிரைமர் வைத்து, மேலே டச்-அப் கொடுத்துவிடு. ஒடுக்கு போன வருஷம் இருந்தபடியே அடுத்த வருஷமும் இருக்கும். துரு அப்படி நிற்காது, வாங்குகிறவனுக்கும் அது தெரியும். செய்வதற்கு முன்னால் படம் எடுத்து வை, என்னைப் போல வெறுங்கையோடு நிற்காதே.

இன்சூரன்சில் கிளெய்ம் போட்டுச் செய்துவிடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அது இன்னும் பெரிய நஷ்டம் மாப்ளே. ஏழு வருஷமாக நீ கிளெய்மே போடவில்லை, உனக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்துக்கு ஏறியிருக்கும். அது வண்டியோடு போகாது, உன்னோடு வரும். பழைய வண்டியைக் கொடுத்த அத்தாட்சியைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கினால், புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்காகக் கட்டுவது) பாதி குறைந்துவிடும். கடிதம் மூன்று வருஷம் வரை செல்லும். இப்போது ஒரு கிளெய்ம் போட்டாலும் அது பூஜ்யமாகிவிடும். போதாததற்கு, வேறு வேறு நாளில் விழுந்த ஒடுக்குகள் தனித்தனி கிளெய்ம். ஒவ்வொன்றுக்கும் உன் கையிலிருந்து ஆயிரம் போகும்.

நான் உனக்காக உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. வண்டி டி.என். 69. 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே! தூத்துக்குடி நம்பரைப் பார்த்ததும் வாங்குகிறவன் மனசில் ஓடும் முதல் கேள்வி, 'தண்ணியில கிடந்த வண்டியா?' சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்ப்பான். மிதியடியைத் தூக்குவான், சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துருவைத் தேடுவான். அந்த வாரம் உன் வண்டி கோவில்பட்டியில் உன் சகலை வீட்டில் நின்றது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே. அடுத்து வந்த ஜனவரி சர்வீஸ் பில்லை எடுத்து மேலே வை. பிரேக் ஆயில், ஃபில்டர் மட்டும்தான் மாற்றினார்கள் என்பது அதில் இருக்கும். 18,000 ரூபாய் பெயிண்டை விட அந்த ஒரு தாள் உனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் 2,000 ரூபாய் போதும். உள்ளே நன்றாகச் சுத்தம் செய்யச் சொல். மஞ்சள் பூத்த ஹெட்லைட்டுக்கு பாலிஷ் போடு. இரண்டாவது சாவியைத் தேடி எடு, சாவி இல்லையென்றால் அதற்கும் கழிப்பார்கள். லோன் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, ஆர்.சி.யில் பேங்க் பெயரை நீக்கினாயா? இல்லையென்றால் பேங்கின் தடையில்லாச் சான்றும், லோன் முடிந்ததைச் சொல்லும் படிவம் 35உம் வேண்டியிருக்கும், இப்போதே ஆரம்பி.

விலை பேசும்போது இரண்டு எண்ணாகக் கேள். பழைய வண்டிக்கு எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு. இரண்டையும் கலந்து ஒரே தொகையாகச் சொன்னால், பழசில் ஏற்றியதைப் புதுசின் தள்ளுபடியில் இறக்கியிருக்கலாம். மருமகன் சொல்லும் இரண்டரை லட்சம் பழைய கணக்கு என்று நினைக்கிறேன். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 ஆனதும் புது வண்டி விலையே இறங்கிவிட்டது, பழசும் கூடவே இறங்கத்தான் செய்யும். அவரிடம் பக்குவமாகச் சொல், பையன் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

கொடுக்கும் அன்றைக்குப் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டதும் நகல் வாங்கிக்கொள். தேதியும் நேரமும் போட்ட டெலிவரி சீட்டு கட்டாயம். ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடு. இல்லாவிட்டால் வண்டி எங்கேயோ ஓடும், டோல் உன் கணக்கிலிருந்து போகும். ஆர்.சி. பெயர் மாறியதைப் பார்க்கும் வரை விடாதே.

இடது பின் கதவு ஒடுக்கை எடுக்க மனசே வரவில்லை என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அது எனக்குப் புரிகிறது. உங்கப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது வீல்சேர் இடித்த இடம் அது. நானும் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வண்டிக்கு அடிபட்டுவிட்டதே என்று உங்கப்பா அந்த இடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நீ கையைப் பிடித்து, "விடுங்கப்பா, வண்டிதானே" என்றாய்.

கொடுப்பதற்கு முன்னால் காலை வெயிலில் நிறுத்தி அந்தக் கதவைப் படம் எடு. எனக்கும் ஒன்று அனுப்பு.

அம்மா உங்கள் எல்லோரையும் விசாரித்தாள். பொங்கலுக்கு ஊருக்கு வருவேன், புது வண்டியில் ஸ்டேஷனுக்கு வா.

உன் அன்பு
மச்சான்